வாளைக்குப் போட்ட முள்ளு

இத்த எழுதாமலே உட்டுடலாம்னுதான் பாத்தேன். நம்ம படிப்பு பத்தாவதோட படுத்துடுச்சு. நாலு பேரைக் கலாய்ச்சுகினு திரியறவன் திடீர்னு எழுத ஒக்காந்தா ஊரே சிரிக்கும். ஆனா போன ஞாயித்துக்கெழம திருமுல்லைவாயில்ல அக்கா ஊட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு ஊஞ்சல் கட்டித் தரச் சொல்லி ஒத்தக் கால்ல நின்னா. லாஃப்ட்டுல கைய உட்டுத் துழாவினேன். பழைய மிக்சி டப்பாவுக்குப் பின்னாடிலேர்ந்து அந்தக் கயிறு வந்துச்சு. கட்டைவெரல் மொத்தத்துல நைலான் கயிறு. மஞ்சளா இருந்தது வெயில்லயும் தண்ணிலயும் கெடந்து எலும்பு கலருக்கு வந்திருந்துச்சு. கையில புடிச்சதும் என் வாய் தானா மூடிகிச்சு. அதுவரைக்கும் அக்காவை எதுக்கோ ஓட்டிகினு இருந்தவன் பாதியில நிறுத்திட்டேன். "இன்னாடா, பல்லு வலியா?"ன்னு அக்கா கேட்டா. அந்தக் கயிறு கையில இருக்கறப்ப நான் பேச மாட்டேன்னு அவளுக்கும் தெரியும், மறந்திருப்பா.

அது மாமாவோட கயிறு. மாமான்னா அக்கா புருசன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில கான்ட்ராக்ட் வேலை. லீவு நாள்ல இன்னொரு வேலை, தண்ணிக்குள்ள எறங்கறது. பூந்தமல்லிக்கு அந்தாண்ட கல்லு ஒடைச்சு எடுத்துட்டு அப்படியே உட்டுட்டுப் போன குவாரிங்க கீது. மழைத்தண்ணி ரொம்பி குட்டையா நிக்கும். அங்கேர்ந்துதான் தண்ணி லாரிக்காரங்க மோட்டார் வெச்சு உறிஞ்சுவாங்க. மோட்டாரு அறுந்து உள்ள உழுந்துட்டாலும், பைப்பு வாயில எதுனா மாட்டிகினாலும் மாமாவுக்குத்தான் போன் வரும். முதுகுல சிலிண்டரு, கால்ல தவளைக்காலு மாதிரி செருப்பு, அதெல்லாம் கெடையாது. பஞ்சர் கடை கம்ப்ரஸர் ஒண்ணு. அதுலேர்ந்து நீளமா ஒரு ஓஸு. ஓஸ் நுனிய பல்லுல கடிச்சிகினு, இடுப்புல கல்லு கட்டிகினு, கையில தண்ணி போவாத லைட்டை வெச்சிகினு எறங்குவாரு. கயித்துல ஒரு முனை அவரு இடுப்புல, இன்னொரு முனை என் கையில.

பெரிய வீரன்னு நெனைச்சிடாதீங்க. ஒரு பனைமரம் ஆழத்துல, கண்ணு தெரியாத இருட்டுல, தனியா போயிட்டு வர்ற மனுசன், ஊட்டுல பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறி நின்னுகினு அக்காவைக் கூப்புடுவாரு. "பாதாளம் வரிக்கும் போறவரே, சொவத்துல கீறதுக்கு இன்னா பயம்?"னு நான் ஓட்டுவேன். மீசைய வேற டெய்லி கண்ணாடில பாத்து எண்ணெ தடவி முறுக்குவாரு. "மாமா, மோட்டாரு உன் மீசையப் பாத்துதான் பயந்துகினு மேல வருதாம், லாரிக்காரன் சொல்றான்"னு சொல்லுவேன். கோவமே வராது. "வாய மூடுறா மச்சான்"னு மட்டும் சொல்லுவாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானும் பேசுவேன்னு நெனைக்கிறேன்.

ஆனா குட்டை மேட்டுல கயித்தைப் புடிச்சா கதையே வேற. கம்ப்ரஸரு காது கிழியறா மாதிரி கத்திகினு இருக்கும். கீழ கீறவனுக்கு நம்ம கொரல் கேக்காது. கயிறுதான் பேச்சு. ஒரு தபா இழுத்தா "கீறியா?"ன்னு அர்த்தம். கீழேர்ந்து ஒரு தபா இழுத்தா "கீறேன்". ரெண்டு தபான்னா கயிறு உடு. மூணு தபான்னா மேல தூக்கு. இதுல தமாசு கெடையாது. பேசிகினு இருந்தா கைக்குக் காது போயிடும்னு மாமா மொத நாளே சொல்லிட்டாரு. என் வாழ்க்கையில நான் முழுசா வாய மூடிகினு இருந்தது அந்த நேரத்துலதான். ஸ்கூல்ல எந்த வாத்தியாராலயும் முடியாதத்த ஒரு கயிறு பண்ணிச்சு.

அக்காவுக்குக் கல்யாணம் ஆவி ரொம்ப நாளு கொளந்த நிக்கல. ரெண்டு தபா தங்கி, ரெண்டு தபாவும் கலைஞ்சிடுச்சு. மூணாவது தபா நின்னப்ப ஊடே மூச்ச புடிச்சிகினு இருந்துச்சு. எங்க ஜனத்துல பொண்டாட்டி மாசமா கீறப்ப புருசன் பொணத்தைத் தொடக்கூடாது, சுடுகாட்டுக்குப் போவக்கூடாது, எந்த உசுரையும் அடிக்கக்கூடாது. அதுக்கு முன்னாடி யாருனா குட்டையில உழுந்துட்டா மாமாதான் எறங்கித் தூக்குவாரு. அந்த வருசம் அந்த மாதிரி போன் வந்தா, "எனக்கு ஆவாதுங்க, ஊட்ல மாசமா கீறாங்க"ன்னு சொல்லி வேற ஆளை அனுப்புவாரு. சொல்லிட்டு அன்னிக்குப் பூரா சோறு எறங்காது அவருக்கு. பல்லிய வெளக்கமாத்தால தள்ளறதுக்குக்கூட அக்காவை உட மாட்டாரு. "ரெண்டு பேருக்கும்தான் கணக்கு"ன்னு சொல்லுவாரு. மோட்டார் வேலை மட்டும் பரவால்ல, மோட்டாருக்கு உசுரு கெடையாதில்ல.

வெயில் காலத்துல ஒரு நாளு அந்த மாதிரி ஒரு மோட்டாருக்குத்தான் போனோம். எந்தக் குவாரின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். குத்தம்பாக்கம் போற வழியா, நெமிலிச்சேரி பக்கமா, எப்படி வேணா நெனைச்சிக்கோங்க. மாமா எறங்கி கொஞ்ச நேரம் ஆச்சு. ரெண்டு இழுப்பு வந்துச்சு, கயிறு உட்டேன். அப்பால ஒண்ணுமே இல்ல. திடீர்னு கயிறு மெதுவா நவுந்துச்சு. ஒண்ணும் இல்ல, ரெண்டும் இல்ல, மூணும் இல்ல. கொளந்த அம்மா முந்தானையப் புடிச்சு இழுக்குமே, அந்த மாதிரி ஒரே நீளமா, மெதுவா ஒரு இழுப்பு. எங்க பேச்சுல அந்த மாதிரி வார்த்தையே கெடையாது. ஒரு தபா இழுத்தேன், கீறியா? பதில் இல்ல. திரும்ப இழுத்தேன். அப்பால மெல்ல ஒண்ணு வந்துச்சு, கீறேன். தூக்கச் சொல்லல. நானும் தூக்கல. கைல வேர்த்து ஊத்துது, கயிறு வழுக்குது, அத்த லுங்கில தொடைக்கக்கூட பயமா கீது.

மேல வந்து பாறையில குந்துனவரு, மோட்டாரைப் பத்தி ஒண்ணும் பேசல. ஓஸைக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் விரிச்சாரு. "இம்மாம் நீளம் மச்சான்." அப்பால கைய வாய்க்குப் பக்கத்துல கொண்டுபோயி, "மீசை என்னோடத்த உட பெருசு"ன்னாரு. மோட்டாரு ஒரு பாறை இடுக்குக்குக் கீழ உழுந்திருந்துச்சாம். லைட்டு அடிச்சா வெள்ளித் தகடு மாதிரி ஒரு ஒடம்பு, செதிலே கெடையாதாம். ஓடவே இல்லியாம். வந்து அவரு கைய மீசையால தடவிப் பாத்துச்சாம். "அதுக்கும் வயிறு கீதுடா"ன்னு சொல்லிட்டுத் தண்ணியவே பாத்துகினு இருந்தாரு. நான் எதையோ சொல்லி ஓட்டணும்னு வாயத் தொறந்தேன். அவரு மூஞ்சியப் பாத்துட்டு மூடிகினேன்.

தண்ணிக்குள்ள பாத்தத்த மாமா யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு. அது அவரு பழக்கம். பொணம் எடுத்துட்டு வந்தாகூட ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அன்னிக்கு மட்டும் சந்தோசத்துல வாய் நிக்கல. வர்ற வழியில டீக்கடையில எங்க வலைக்காரன் குந்திகினு இருந்தான். என் கூட்டாளி, ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து. ஏரி குட்டைன்னு எங்க தண்ணி கீதோ அங்க வலை போடறவன், அதனால அதுதான் பேரே. மீனைப் பத்திக் கேக்கணும்னா அவன்கிட்டதான் கேக்கணும். மாமா போயி கைய விரிச்சுக் காட்டி, "இது இன்னா மீனுடா?"ன்னு கேட்டாரு. வலைக்காரன் டீ கிளாஸைக் கீழ வெச்சான். "ஏரி வாளை அண்ணாத்தே. மார்க்கெட்ல ரிப்பன் மாதிரி தொங்குமே, அது கடல் வாளை. இது வேற. எங்க அப்பன் காலத்துல ஏரி ஏரிக்குக் கெடந்துச்சாம். இப்ப ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கா கெளுத்தியும்தான், எல்லாத்தையும் அதுங்க தின்னுடுச்சு. நான் வலை புடிச்ச நாள்லேர்ந்து ஒரு தபா கூட கண்ணால பாத்ததில்ல"ன்னான். அப்பால ரொம்ப மெதுவா கேட்டான், "எந்தக் குட்டை?" அன்னிக்கு எந்தக் குட்டையில மோட்டாரு உழுந்துச்சுன்னு டீக்கடைக்கே தெரியும். மாமாவுக்கு அப்பதான் தான் இன்னா பண்ணிட்டோம்னு உறைச்சுது. வெள்ளம் வந்த வருசம் எல்லாத் தண்ணியும் ஒண்ணாச்சு இல்ல, அப்ப வந்து இங்க மாட்டிகினிருக்கும்னு வலைக்காரன் பாட்டுக்குச் சொல்லிகினே கீறான். மாமா காதுல எதுவும் ஏறல.

"அத்த உட்டுடுறா, சினையா கீது"ன்னு மாமா கேட்டுப் பாத்தாரு. "அண்ணாத்தே, எறங்கறது உன் தொழிலு, வீசறது என் தொழிலு. நீ எறங்காதன்னு நான் சொன்னா கேப்பியா?"ன்னான் அவன். மருவாதையாதான் சொன்னான். தண்ணி நெறைய இருந்தவரிக்கும் கவலையில்ல, அந்த ஆழத்துக்கு அவன் வலை எட்டாது. ஆனா லாரிங்க நிக்காம உறிஞ்சிகினு இருந்துச்சு. நாங்க போற ஒவ்வொரு தபாவும் பாறையில ஈரக் கோடு கீழ கீழ எறங்கிகினே இருந்துச்சு. குட்டை சுருங்கி, நடுவுல ஒரு பள்ளமா ஆவுது. மழைக்கு இன்னும் நாளு கீது. வாளை எங்க போவும்? அந்தப் பள்ளத்துலதான் கெடக்கணும்.

ஆடி மாசம் ஒரு காலையில மாமா என் பட்டறைக்கு வந்து நின்னாரு. நான் அப்ப லேத்து பட்டறையில வேலை. "ஒடைஞ்ச கேட்டு, கிரில்லு, எதுனா வளைஞ்ச கம்பி கெடந்தா குடு"ன்னாரு. "இன்னா மாமா, தண்ணிக்குள்ள ஊடு கட்டறியா?"ன்னேன். "ஆமாண்டா, வாளைக்கு வேலி போடப் போறேன்"னாரு. தமாசுன்னு நெனைச்சேன். குட்டி யானை வண்டில கம்பியும், வழியில வெட்டின வேலிக்காத்தான் முள்ளும், குவாரி மேட்டுலயே கெடந்த கல்லுமா ஏத்தினப்பதான் புரிஞ்சுது. முள்ளைக் கல்லோட சேத்துக் கட்டி அந்தப் பள்ளத்தைச் சுத்திப் போட்டுட்டா எந்த வலையும் இழுக்க முடியாது, மாட்டிக்கும். இத்தினி வருசமா கீழ உழுந்தத்த மேல கொண்டாந்தவரு, மொத தபாவா மேல கீறத்த கீழ கொண்டுபோயிப் போட்டாரு.

அன்னிக்கு அவருக்குச் சளி. மூக்கை உறிஞ்சிகினே இருந்தாரு. சளி புடிச்சா எறங்கக்கூடாது, காதுக்குள்ள காத்து சமமா நிக்காதுன்னு எனக்கே சொல்லிக் குடுத்தவரு. "இன்னொரு நாளைக்குப் போலாம் மாமா"ன்னேன். "வலைக்காரன் நாளைக்கு வலை கொண்டாரேன்னுகினு கீறான்"னாரு. எறங்கினாரு. ஒரு கட்டு, இன்னொரு கட்டுன்னு நான் இன்னொரு கயித்துல கட்டி எறக்கி உட்டுகினே இருந்தேன். நடுவுல ஒரு எடத்துல கயிறு படக்குனு துள்ளுச்சு. ஒரு தபா இழுத்தேன். கீறேன்னு வந்துச்சு. மூணு வரும், தூக்கச் சொல்லுவாருன்னு காத்துகினு இருந்தேன். வரல. ரெண்டுதான் வந்துச்சு, கயிறு உடு, அடுத்த கட்டை அனுப்பு. எல்லாத்தையும் கட்டி முடிச்சிட்டுத்தான் மூணு இழுத்தாரு. மேல வந்தப்ப ரெண்டு காதுலேர்ந்தும் ரத்தம் வழிஞ்சு தாடை வரிக்கும் வந்திருந்துச்சு. நிக்க முடியாம குடிச்சவன் மாதிரி சாஞ்சாரு. "மாமா, மாமா"ன்னு கத்தறேன். என் வாயையே பாக்கறாரு. கம்ப்ரஸர் சத்தத்துல கேக்கலன்னு நெனைச்சு ஓடிப்போயி அத்த ஆஃப் பண்ணேன். அப்பவும் என் வாயையேதான் பாத்தாரு.

மறுநாளு வலைக்காரன் வந்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா குவாரிக்குத்தான் வண்டிய உடச் சொல்லிக் கையக் காட்டினாரு மாமா. காதுல பஞ்சு, மூஞ்சி வீங்கிக் கெடக்குது, பாறையில குந்திகினு பாக்கறாரு. வலைக்காரன் லாரி டியூப்பு மேல குந்தி வலைய சுத்தி உட்டான். இழுத்தான். வலை நின்னுடுச்சு. முள்ளுதான்னு எனக்குத் தெரியும், உள்ளுக்குள்ள குஷியா கீது. அவன் இடுப்புல சொருகியிருந்த கத்திய எடுத்துகினு தண்ணிக்குள்ள பூந்தான். ரொம்ப நேரம் வரல. தண்ணி ஒரு எடத்துல தளதளன்னு பொங்கி அடங்குச்சு. அப்பால மேல வந்தான், கையெல்லாம் முள்ளு கிழிச்ச கீறலு. கரைக்கு வந்து வலைய எங்க முன்னாடி உதறினான். நடுவுல ஒரு ஆளு பூந்து போற அளவுக்கு நேரா வாயப் பொளந்துகினு கெடந்துச்சு. "உன் முள்ளு என் வலையத் தின்னுடுச்சு அண்ணாத்தே, நல்லா இரு"ன்னு கத்தினான். மாமாவுக்கு எங்க கேக்குது. ஆனா கிழிஞ்ச வலையப் பாத்தாரு. காது போனதுலேர்ந்து மொத தபாவா சிரிச்சாரு. வீங்கின மூஞ்சியோட பல்லெல்லாம் தெரிய, சின்னப் பையன் மாதிரி சிரிச்சாரு. வலைக்காரன் அந்தச் சிரிப்பையே கொஞ்ச நேரம் பாத்துகினு நின்னான். அப்பால வலைய அவசர அவசரமா சுருட்டிகினு போயிட்டான். "முள்ளு இம்மாம் சுத்தமா தைக்கறவன் மாதிரி வெட்டுது பாருடா"ன்னு நான் பின்னாடியே கத்தி ஓட்டினேன். திரும்பிப் பாக்கல.

உள்ள நரம்பே போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காதுல மாட்டற மிஷின் வெச்சுப் பாத்தோம், எறைச்சல்தான் கேக்குதுன்னு கழட்டி வெச்சுட்டாரு. ஐப்பசியில மழை புடிச்சுகிச்சு. அந்த மழையிலதான் அக்காவுக்கு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல மாமாவும் நானும் பெஞ்சுல குந்திகினு கீறோம். அவரு ஜன்னல் வழியா மழையப் பாத்துகினு கீறாரு. ஓட்டு மேல கல்லு கொட்டறா மாதிரி மழை. அதையும் தாண்டி உள்ளேர்ந்து ஒரு அழுகை வந்துச்சு. வராண்டாவுக்கே கேட்டுச்சு. அவரு மழையப் பாத்துகினே கீறாரு. நர்சு வெளிய வந்து அக்கா பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க. அதுவும் கேக்கல. எத்தினியோ வருசமா எதுக்கெல்லாமோ பேசின வாய், அந்த நேரத்துக்கு ஒண்ணுத்துக்கும் ஆவல. அவரு சட்டைக் கைய புடிச்சு மூணு தபா இழுத்தேன். தூக்கு. மேல வா. அவரு திரும்பி என்னைப் பாத்தாரு. அப்பால எழுந்து நின்னாரு.

இப்ப பொண்ணு ஸ்கூலுக்குப் போறா. வாய் என்னோடது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அப்பாகிட்ட அவ பேசறதுக்கு வாய் வேணாம். லுங்கிய ஒரு தபா இழுப்பா. அவரு அவ சடைய ஒரு தபா இழுப்பாரு. கீறியா, கீறேன். யாரு சொல்லிக் குடுத்ததுன்னு தெரியாது, நானில்ல. மாமா இப்ப எறங்கறதில்ல, எறங்கவும் முடியாது. கம்பெனியில மிஷின் சத்தம் அதிகம் கீற எடத்துல அவரைப் போட்டிருக்காங்க, அவருக்குத்தான் தொந்தரவில்லையேன்னு. நான் கலாய்ச்சா என் வாயப் பாத்துக் கொஞ்சம் புரிஞ்சிக்கறாரு, ஆனா சிரிப்பு லேட்டா வருது. அந்த லேட்டுல என் தமாசு செத்துடுது. "வாய மூடுறா மச்சான்"னு அவரு சொல்லி ரொம்ப நாளாச்சு. குவாரி மழையில ரொம்பிடுச்சு, அப்பால அந்த அளவுக்கு வத்தவே இல்ல. வாளை கீதா, குஞ்சு பொரிச்சுதா, யாருக்கும் தெரியாது. மாமாகிட்ட ஒரு தபா சைகையில கேட்டேன். முள்ளு கீது இல்ல, அப்ப அதுவும் கீதுன்னு கைய விரிச்சுக் காட்டினாரு. அன்னிக்குக் காட்டின அதே நீளம். சொல்லப்போனா கொஞ்சம் பெருசா.

வலைக்காரனை மட்டும் நான் உடறதா இல்ல. கல்யாண ஊடு, டீக்கடை, எங்க பாத்தாலும் "முள்ளுகிட்ட தோத்தவன் வரான், வழி உடுங்கடா"ன்னுதான் கூப்புடுவேன். பதிலே பேச மாட்டான். அந்தக் குவாரிப் பக்கமே அதுக்கப்பறம் அவன் வலை கொண்டாரல. பயந்துட்டான்னு அதுக்கும் சேத்து ஓட்டுவேன்.

ஞாயித்துக்கெழம அந்தக் கயித்துல ஊஞ்சல் கட்டினேன், கம்பில ரெண்டு சுத்து சுத்தி, மாமா கட்டற முடிச்சுதான். பொண்ணு ஏறி ஆடறா, கத்தறா, தெரு முழுக்கக் கேக்குது. மாமா தூணாண்ட நின்னுகினு கயித்து மேல ஒரு வெரலை வெச்சுகினு நின்னாரு. அவ ஆடறது அந்த வெரல் வழியாதான் அவருக்கு வருதுன்னு எனக்குப் புரிஞ்சுது. நான் பேசாம நின்னேன். ஊட்டுக்கு வந்து இத்த போன்லயே அடிச்சு முடிச்சேன். மொத ஆளா வலைக்காரனுக்குத்தான் அனுப்பினேன், "நீ முள்ளுகிட்ட தோத்த கதை ஊருக்கே தெரியப்போவுது, ரெடியா இரு"ன்னு. படிச்சு முடிச்சான். அப்பால ஒரே ஒரு வரி வந்துச்சு:

"வலை முள்ளுல கிழியலடா, உள்ள வாளை மாட்டிகினு கெடந்துச்சு, நாந்தான் அறுத்து உட்டேன், உங்க மாமாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."